அம்மாவும் மகளும்: ஒரு விருந்தின் பழைய கணக்கு



எங்கள் சபையின் வாலிபப் பெண்கள் கூட்டத்தில் அடுத்த மே மாதம் ஒரு 'அம்மா-மகள் விருந்து' வைப்பதென்று முடிவாகியிருக்கிறது. ஏற்பாடு செய்ய நான்கு பேர். வரவு செலவுக் கணக்கு மட்டும் பேச்சே இல்லாமல் என் தலையில் வந்து விழுந்தது. (பி.காம் படிப்பவள் வீட்டில் இருந்தால் தெருவில் எந்தக் கல்யாணத்துக்கும் மொய் நோட்டு அவள் கையில்தான். இது கள்ளக்குறிச்சிச் சட்டம்.)

மாதிரி பார்க்கலாம் என்று இணையத்தில் தேடினால் வந்து கொட்டியதெல்லாம் அமெரிக்கச் சபைகளின் யோசனைகள். அம்மாவும் மகளும் ஒரே துணியில் உடை, பீங்கான் கோப்பையில் தேநீர், மேசைக்கு மேசை பூச்சாடி, வந்திருப்பவர்களிலேயே மூத்த அம்மாவுக்கு ஒரு பரிசு, 'உன் அம்மாவை உனக்கு எவ்வளவு தெரியும்' என்று ஒரு எழுத்துப் போட்டி. எல்லாம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். இந்தப் பழக்கத்தை ஆரம்பித்தது யார், எதற்காக? நம் பக்கத்தில் இப்படி அம்மாவையும் மகளையும் வைத்துச் சபைகள் ஏதாவது செய்திருக்கின்றனவா? தேடப் போனதில் பரீட்சைக்குக்கூட இவ்வளவு படித்ததில்லை என்கிற அளவுக்குப் படித்துவிட்டேன். அதில் கொஞ்சம் இங்கே.

விருந்திலிருந்தே ஆரம்பிப்போம். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஒய்.எம்.சி.ஏ.வும் சபைகளும் 'அப்பா-மகன் விருந்து' என்று ஒன்றைப் பரப்பின. பையன்கள் சபையை விட்டு விலகிப் போகிறார்கள், அப்பாவோடு சேர்த்து உட்கார வைத்தால் நிற்பார்கள் என்று கணக்கு. அதற்கு ஜோடியாக வந்ததுதான் அம்மா-மகள் விருந்து. பெரும்பாலும் மே மாதம், அன்னையர் தினத்தை ஒட்டி. சபை மண்டபத்தில் சாப்பாடு. ஒரு மகள் எழுந்து அம்மாக்களை வாழ்த்திப் பேசுவாள், ஒரு அம்மா எழுந்து மகள்களை வாழ்த்துவார். அன்று ஒரு நாள் மட்டும் சபையின் ஆண்கள் சமைத்துப் பரிமாறுவார்கள். (இந்தக் கடைசி விஷயத்தை நான் தனியாகக் குறித்து வைத்துக்கொண்டேன்.)

அப்படியானால் அன்னையர் தினம் எங்கிருந்து வந்தது? அதுவே ஒரு அம்மா, ஒரு மகள் கதைதான்.

அம்மா பெயர் ஆன் ரீவ்ஸ் ஜார்விஸ். 1832-ல் பிறந்தவர். இன்றைய மேற்கு வர்ஜீனியாவின் மலைப்பகுதி. பத்துக்கு மேல் பிள்ளை பெற்றார். வளர்ந்து ஆளானவர்கள் நான்கே பேர். மற்ற பிள்ளைகளை அம்மை, டைபாய்டு, தொண்டை அடைப்பான் மாதிரி நோய்கள் கொண்டுபோயின. அந்தக் காலத்தில் அது பெரிய செய்தி இல்லை, வீட்டுக்கு வீடு அப்படித்தான். ஆனால் இவர் 1858-ல் சுற்றுவட்டார ஊர்களின் தாய்மார்களைச் சேர்த்துச் சங்கங்கள் அமைத்தார். பெயரே 'தாய்மார் வேலைச் சங்கம்'. வேலை என்றால் நிஜமாகவே வேலை: குடிதண்ணீரும் சாக்கடையும் எப்படி இருக்கின்றன என்று பார்ப்பது, குழந்தைக்குக் கொடுக்கும் பாலைச் சோதிப்பது, காசநோய் வந்த அம்மாவின் வீட்டில் போய் வேலை செய்து கொடுப்பது, மருந்துக்குப் பணம் திரட்டுவது. 1861-ல் உள்நாட்டுப் போர் மூண்டபோது அந்த மலைப்பகுதியில் பக்கத்து வீட்டுக்காரர்களே எதிரெதிர்ப் படையில் இருந்தார்கள். சங்கத்துப் பெண்கள் இரண்டு பக்கத்துச் சிப்பாய்களுக்கும் பணிவிடை செய்தார்கள். போர் முடிந்த பிறகு 1868-ல், பகை ஆறாத அந்த ஊர்களின் குடும்பங்களை ஒரே இடத்தில் கூட்டி 'தாய்மார் நட்பு நாள்' நடத்தினார் ஆன்.

மகள் பெயர் அன்னா ஜார்விஸ். அம்மா ஞாயிறு பள்ளியில் பாடம் நடத்தி முடித்தபோது, தாய்மார்களுக்கென்று யாராவது ஒரு நாள் ஏற்படுத்த வேண்டும் என்று ஜெபித்ததைச் சின்ன வயதில் கேட்டவர். அம்மா 1905 மே 9 அன்று இறந்தார். மூன்று வருடம் கழித்து, 1908 மே 10 அன்று, கிராப்டன் ஊரில் அம்மா பாடம் நடத்திய அதே ஆண்ட்ரூஸ் மெதடிஸ்ட் சபையில் முதல் அன்னையர் தின ஆராதனை நடந்தது. அன்னா பிலடெல்பியாவில் இருந்தார். அம்மாவுக்குப் பிடித்த வெள்ளைக் கார்னேஷன் பூ 500 வாங்கி ஊருக்கு அனுப்பிவைத்தார். 1914-ல் அதிபர் உட்ரோ வில்சன் மே மாதத்தின் இரண்டாம் ஞாயிறை நாடு முழுவதும் அன்னையர் தினமாக அறிவித்தார்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் காமர்ஸ்காரர்கள் படிக்க வேண்டிய பகுதி. 500 பூவில் ஆரம்பித்த நாள் பூ வியாபாரிகளுக்குப் பெரிய சீசன் ஆனது. வெள்ளைப் பூ போதவில்லை என்றதும், அம்மா இறந்தவர்கள் வெள்ளை அணியட்டும், அம்மா உயிரோடு இருப்பவர்கள் சிவப்பு அணியட்டும் என்று ஒரு புது வழக்கம் கிளம்பியது. வியாபாரிகளுக்கு இரட்டைச் சந்தை! பின்னால் மிட்டாய்க் கம்பெனி, அதற்குப் பின்னால் வாழ்த்து அட்டைக் கம்பெனி. அன்னாவுக்கு இது பொறுக்கவில்லை. அச்சடித்த அட்டை அனுப்புகிறவர்கள் அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதக்கூடச் சோம்பேறிகள் என்று திட்டினார். 1923-ல் பிலடெல்பியாவில் மிட்டாய் வியாபாரிகள் மாநாட்டுக்குள் புகுந்து சண்டை போட்டார். 1925-ல் போர்வீரர்களின் தாய்மார் சங்கம் நிதிக்காகக் கார்னேஷன் விற்றபோது அங்கேயும் போய்த் தகராறு செய்து போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. கையில் இருந்த பணமெல்லாம் வழக்குகளிலும் கடிதங்களிலும் கரைந்தது. 1948-ல் ஒரு காப்பகத்தில் இறந்தார். அவருக்குக் கல்யாணம் இல்லை, பிள்ளை இல்லை.

அன்னாவைப் பார்த்துப் பரிதாபப்படுகிறவர்கள் அதிகம். எனக்கு வேறொன்று உறுத்துகிறது. வியாபாரிகள் அவரிடமிருந்து அந்த நாளைப் பறித்தார்கள் என்பது சரி. ஆனால் அதற்கு முன்பே அம்மாவின் 'வேலைச் சங்கம்' மகள் கையில் 'வணக்க நாள்' ஆகியிருந்ததே! சாக்கடையும் பாலும் காசநோயும் போய்விட்டன, பூ மட்டும் மிஞ்சியது. வேலையை விற்க முடியாது, பூவை விற்கலாம்.

இங்கிலாந்தில் இதற்கு முன்பே இன்னொரு தொடக்கம். 1876-ல் மேரி சம்னர் என்ற குருவானவரின் மனைவிக்குப் பேரக்குழந்தை பிறந்தது. மகள் குழந்தையை வைத்துக்கொண்டு திணறுவதைப் பார்த்ததும் தன் முதல் பிரசவ காலத்தில் தான் பட்ட பாடு ஞாபகம் வந்ததாம். ஊர்த் தாய்மார்களைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டார். வந்து உட்கார்ந்ததும் இவருக்குப் பேச வாய் வரவில்லை, அடுத்த வாரம் வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். (மேடையில் இதே கதி எனக்கும் ஆகியிருப்பதால் இந்த அம்மாவை உடனே பிடித்துவிட்டது.) அந்தக் கூட்டம்தான் 'மதர்ஸ் யூனியன்' ஆகி ஆங்கிலிக்கன் சபை போன நாடெல்லாம் போனது.

சரி, நம் பக்கத்துக்கு வருவோம்.

தமிழ்நாட்டில் புராட்டஸ்டண்ட் சபை பெண்பிள்ளைகளைக் கவனிக்க ஆரம்பித்தது மிகப் பழைய கதை. சீகன்பால்கு 1706-ல் தரங்கம்பாடியில் இறங்கினார், அடுத்த வருடமே அங்கே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி. ஆனால் நான் தேடியது அம்மாவும் மகளும் சேர்ந்து வருகிற கதை. அது கிடைத்த இடம் நாகர்கோவில். அதுவும் ஒரு நூல்கண்டின் முனையில்!

1819-ல் லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட், அவர் மனைவி மார்த்தா மால்ட் இருவரும் நாகர்கோவிலுக்கு வந்தார்கள். அப்போது அது திருவிதாங்கூர் ராஜ்ஜியம். மார்த்தா பெண்பிள்ளைகளுக்கு உறைவிடப் பள்ளி ஒன்றை நடத்தினார். எழுத்து, கணக்கு, வேதபாடத்தோடு ஒரு கைத்தொழிலும் கற்றுக்கொடுத்தார். அதுதான் ரேந்தை. நாம் லேஸ் என்கிறோமே, அதற்குத் தென்மாவட்டங்களில் ரேந்தை என்று பெயர், போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்தது. தலையணை மாதிரி ஒரு திண்டு, அதன்மேல் மாதிரி வரைந்த காகிதம், அதில் வரிசையாகக் குத்திய குண்டூசிகள். நூல் சுற்றிய சின்னச் சின்ன மரக்குச்சிகளை ஊசிகளைச் சுற்றி மாற்றி மாற்றிப் போட்டுப் பின்ன வேண்டும். ஒரு சாண் பின்னுவதற்குள் கழுத்து போய்விடும். வெள்ளைக்கார அதிகாரிகளின் வீட்டுப் பெண்கள் வாங்கினார்கள், அந்தப் பணம் பள்ளியை நடத்த உதவியது.

அந்தப் பிள்ளைகள் யார் என்பதைக் கவனிக்க வேண்டும். திருவிதாங்கூரில் அப்போது அடிமை முறை சட்டப்படியே இருந்தது, முழுதாக ஒழிக்கப்பட்டது 1855-ல்தான். ரேந்தை பின்னிய காசில் தங்கள் விடுதலைக்கு விலை கொடுத்த அடிமைப் பெண்கள் இருந்திருக்கிறார்கள். ஒரு நிமிடம் நிறுத்தி யோசித்துப் பாருங்கள். தன்னையே விலைக்கு வாங்குவது! எந்தப் பேரேட்டில், எந்தத் தலைப்பில் பதிவது? சொத்தா, செலவா? என் பாடப் புத்தகத்தில் இதற்கு இடம் இல்லை.

அதே காலம்தான் தோள்சீலைக் கலகமும். மேல்சாதிக்காரர் முன்னால் நாடார் பெண்கள் மார்பை மூடக்கூடாது என்ற வழக்கம். மிஷன் பெண்கள் ஒரு தளர்வான குப்பாயத்தை வடிவமைத்துக் கொடுத்தார்கள், கிறிஸ்தவப் பெண்கள் அதை அணிந்தார்கள். 1820-களில் ஆரம்பித்த கலவரம், வழக்கு, அடி, உதை எல்லாம் விட்டு விட்டுத் தொடர்ந்து 1859-ல் அரச உத்தரவு வந்த பிறகே ஓய்ந்தது. நாற்பது வருடம் என்றால் ஒரு தலைமுறைக்கு மேல். கலகம் ஆரம்பித்தபோது சின்னப் பெண்ணாக இருந்தவள் அது முடியும்போது கல்யாண வயசுப் பெண்ணின் அம்மாவாக இருந்திருப்பாள்.

மால்ட் குடும்பத்துக்கு நாகர்கோவிலில் வளர்ந்த ஒரு மகள், எலைசா. 1844-ல் அவருக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ராபர்ட் கால்டுவெல். ஆமாம், அதே கால்டுவெல்தான், திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதியவர், மெரினாவில் சிலையாக நிற்கிறாரே அவர். திருநெல்வேலித் தேரிக்காட்டில் இடையன்குடி என்ற ஊருக்கு எலைசா மருமகளாகப் போனார். போகும்போது அம்மாவிடம் கற்றதையும் கொண்டுபோனார். அங்கேயும் பெண்பிள்ளைகளுக்கு உறைவிடப் பள்ளி, அங்கேயும் ரேந்தை. கணவர் தமிழைப் புத்தகத்தில் படித்து வந்தவர். எலைசா சின்ன வயதிலிருந்தே தமிழ் கேட்டு வளர்ந்தவர். ஊர்ப் பெண்களோடு அவர்கள் பேச்சிலேயே பேச முடிந்தது அவரால்தான். எலைசாவின் மகள் இசபெல்லா, வயட் என்ற குருவானவரை மணந்தார். கால்டுவெல்லின் நினைவுக் குறிப்புகளை 1894-ல் தொகுத்து அச்சிட்டவர் இந்த மருமகன் வயட். மாமனாரின் நினைவுகளுக்கு ஒரு புத்தகம் இருக்கிறது. மார்த்தா, எலைசா, இசபெல்லா என்று மூன்று தலைமுறைப் பெண்களின் நினைவுகளுக்கு அப்படி ஒன்று இல்லை. ரேந்தை இருக்கிறது.

இதுவரை படித்தபோது எனக்கு, ஆகா, இதோ நம் ஊர் அம்மா-மகள் கதை என்று சந்தோஷம்தான். பிறகு மெல்ல வேறொரு கேள்வி வந்தது. மார்த்தாவுக்கு மகள் இருந்தாள், சரி. அந்தப் பள்ளியில் ரேந்தை பின்னிய பிள்ளைகளுக்கும் அம்மாக்கள் இருந்திருப்பார்களே? அவர்கள் எங்கே?

உறைவிடப் பள்ளி என்ற ஏற்பாடே பிள்ளையை வீட்டிலிருந்து பிரித்து வைப்பதுதான். மிஷனரிகள் இதை ஒளித்து வைக்கவும் இல்லை. வீட்டில் இருந்தால் பழைய பழக்கம் விடாது, பள்ளியில் தங்கினால்தான் புதுப் பெண்ணாக வளர்வாள் என்பது அவர்கள் நியாயம். 'வீட்டுப் பழக்கம்' என்று அவர்கள் எழுதும் இடத்தில் நாம் 'அம்மா' என்று படித்துக்கொள்ளலாம். அயல்நாட்டில் யாராவது ஒரு பிள்ளைக்குப் பணம் கட்டினால், அவர் விரும்பிய பெயரை அந்தப் பிள்ளைக்கு வைக்கும் வழக்கமும் மிஷன் பள்ளிகளில் இருந்தது. அம்மா வைத்த பெயர் அந்தக் கணக்கில் கழிவு.

அம்மா பக்கத்துக் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். இடையன்குடிப் பக்கம் பனைத் தொழில். ஆண் ஏறி இறக்கும் பதநீரைப் பெண்தான் அடுப்பில் வைத்துக் கருப்பட்டியாகக் காய்ச்ச வேண்டும். விறகு பொறுக்க, தண்ணீர் எடுக்க, கைக்குழந்தையைப் பார்க்க வீட்டில் இருந்த ஒரே ஆள் மகள்தான். அவளைப் பள்ளிக்கு அனுப்பினால் அந்த வேலையும் அம்மா தலையில். எங்கள் பாடத்தில் இதை 'வாய்ப்புச் செலவு' என்பார்கள்: ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது கைவிட்டுப் போகும் மற்றொன்றின் மதிப்பு. பள்ளியின் செலவு மிஷன் அறிக்கையில் அணா பைசா சுத்தமாக இருக்கும். அம்மாவின் வாய்ப்புச் செலவு எந்த அறிக்கையிலும் வராது. அந்தப் பள்ளிகள் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. அவை இல்லாவிட்டால் நான் இன்று உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருப்பேனா என்பதே சந்தேகம். ஆனால் பாதிக் கட்டணம் கட்டியவர்களின் பெயர் ரசீதில் இல்லை என்றாவது சொல்ல வேண்டும்.

இந்தச் சிக்கலைப் பார்த்த ஒருவர் நம் பழைய தென்னாற்காடு மாவட்டத்திலேயே இருந்திருக்கிறார். (கள்ளக்குறிச்சி 1993 வரை தென்னாற்காடு, பிறகு விழுப்புரம், 2019 நவம்பரிலிருந்து தனி மாவட்டம். என் பாட்டி வீடு மாறாமலேயே மூன்று மாவட்டத்தில் குடியிருந்தவர்!) இங்கே வேலை செய்தது டேனிஷ் மிஷன், இன்றைய ஆற்காடு லுத்தரன் திருச்சபை அதன் வழி வந்தது. அந்த மிஷனில் 1909-ல் வந்தவர் ஆன் மேரி பீட்டர்சன். பெண்கல்விக்கு என்ன செய்யலாம் என்று ஊர் ஊராகப் பள்ளிகளைப் பார்த்துக்கொண்டு போனவர், 1917-ல் எஸ்தர் ஃபேரிங் என்ற இளைய டேனிஷ் மிஷனரியோடு காந்தியின் ஆசிரமத்துக்குப் போய் அவரைச் சந்தித்தார். மிஷனுக்கு அது பிடிக்கவில்லை. எஸ்தருக்குக் காந்தி எழுதிய கடிதங்கள், 'என் அன்புக் குழந்தை' என்ற பொருள் தரும் ஆங்கிலத் தலைப்பில் பின்னாளில் புத்தகமாகவே வந்தன. பீட்டர்சன் கடைசியில் மிஷனை விட்டு விலகி, பரங்கிப்பேட்டையில் சொந்தமாகப் பெண்கள் பள்ளி தொடங்கினார். பெயர் சேவா மந்திர். 1921 செப்டம்பரில் அதற்கு அடிக்கல் நாட்டியவர் காந்தி. படிக்கிற பெண் தன் மொழி, தன் உடை, தன் மண் ஆகியவற்றிலிருந்து அந்நியமாகிவிடக் கூடாது என்பது பீட்டர்சனின் பிடிவாதம். அதாவது படித்து முடித்து வீட்டுக்குப் போனால் அம்மாவுக்கு அவளை அடையாளம் தெரிய வேண்டும். அதுவும் விடுதிப் பள்ளிதான், ஆனாலும் கேள்வியையாவது கேட்டார்.

இதெல்லாம் எதற்கு, ஒரு மதிய விருந்துக்கு இவ்வளவு ஆராய்ச்சியா என்று கேட்பீர்கள். எங்கள் கூட்டத்துக்கு வருகிற பிள்ளைகளில் பலர் கல்வராயன் மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கிறவர்கள். அதுதான் காரணம்.

வெளியூர் நண்பர்களுக்காக நாலு வரி. கள்ளக்குறிச்சியிலிருந்து மேற்கே கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டினால் மலை. மேலே முக்கியமான ஊர் வெள்ளிமலை. மலையில் வாழ்கிறவர்கள் மலையாளிகள் என்ற பழங்குடியினர். பெயரைக் கேட்டுக் கேரளா என்று நினைக்க வேண்டாம், பேசுவது தமிழ்தான், தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று சொல்வார்கள். நாடு 1947-ல் சுதந்திரம் பெற்றது, ஆனால் இந்த மலை 1976-ல் அரசு எடுத்துக்கொள்ளும் வரை ஜாகிர்தார்கள் கையில் இருந்தது. அந்த மக்களுக்கு அடிப்படை வசதிகள் சேரவில்லை என்று சென்னை உயர்நீதிமன்றம் 2024-ல் தானாகவே முன்வந்து வழக்கு எடுத்தது. மேலே அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. அதற்கு மேல் படிக்க வேண்டுமென்றால் கீழே இறங்கி விடுதியில் தங்க வேண்டும். அதாவது 1819-ல் நாகர்கோவிலில் ஆரம்பித்த அதே கணக்கு. படிப்பு என்றால் அம்மாவை விட்டுப் பிரிவு. 1976-க்கு முன் பிறந்த ஒரு மலை அம்மா கூலியில்லா வேலையைச் சின்ன வயதில் கண்ணால் பார்த்தவராக இருப்பார். அவர் மகள் இப்போது என்னோடு உட்கார்ந்து இருப்புநிலைக் குறிப்பு போடுகிறாள்.

இப்போது எங்கள் திட்டத்தை இந்த வெளிச்சத்தில் பார்த்தால் பாதிக்குப் பாதி அடிபடுகிறது.

முதலில் அந்த எழுத்துப் போட்டி. கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த அம்மாவிடம் தாளையும் பேனாவையும் கொடுத்து, மகள் முன்னால், நாற்பது பேர் முன்னால் முழிக்க வைப்பதா? வேண்டாம் என்று எடுத்தாயிற்று. எழுதுவதற்குப் பதில் பேச்சு. சாமை குத்துவது, மழை வரும் அறிகுறி, கடுக்காய் எந்தப் பதத்தில் பொறுக்குவது என்று அம்மாக்கள் கேட்க மகள்கள் பதில் சொல்ல வேண்டும். யார் முழிக்கப் போகிறார்கள் என்று எனக்கு இப்போதே தெரியும் :-)

அடுத்தது ஒரே துணியில் உடை. ஒரு ஜோடிக்கு ஆகும் செலவை எழுதிக் காட்டினேன், பாஸ்டரம்மாவே சிரித்துக்கொண்டு கோடு போட்டு அடித்துவிட்டார்.

சிவப்புப் பூ, வெள்ளைப் பூ வழக்கத்தை ஒரு அக்கா ரொம்ப ஆசையாகச் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை, இன்றும் ஒத்துக்கொள்ளப் போவதில்லை. 2024 ஜூனில் இந்த ஊரில் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். கள்ளச்சாராயத்தில் 60 பேருக்கு மேல் இறந்தார்கள், அதில் சில பெண்களும் உண்டு. இந்த ஊர்க் கூட்டத்தில் ஒரு பிள்ளையின் தலையில் வெள்ளைப் பூவை வைத்து, உனக்கு அம்மா இல்லை என்று அடையாளம் போடுவதற்கு ஒரு விருந்தா? எல்லோருக்கும் ஒரே மல்லிகை. அம்மா இல்லாத பிள்ளை அத்தையோடு வரலாம், பாட்டியோடு வரலாம், விடுதிச் சமையல்கார அம்மாவோடும் வரலாம். அழைப்பில் 'அம்மாவும் மகளும்' என்று போடாமல் 'உன்னை வளர்த்தவரோடு வா' என்று போடலாம் என்பது என் யோசனை. இதில் இன்னும் வாக்குவாதம் ஓடுகிறது.

ஆண்கள் சமைத்துப் பரிமாறும் அமெரிக்க வழக்கத்தை மட்டும் அப்படியே எடுத்துக்கொண்டோம். வாலிபர் சங்கத்துப் பையன்களுக்கு விஷயத்தை இன்னும் சொல்லவில்லை. சாம்பார் வைக்கத் தெரிந்தவன் ஒருத்தன் இருக்கிறான் என்று உளவுத் தகவல்.

கடைசியாகத் தேதி. இதுதான் பெரிய சண்டை. மே இரண்டாம் ஞாயிறு, கள்ளக்குறிச்சியில், சபை மண்டபத்தில் என்றுதான் முதலில் முடிவு. நாள்காட்டியை எடுத்துப் பார்த்தால், மே மாதம் கோடை விடுமுறை! விடுதிப் பிள்ளைகள் எல்லாம் மலையில் இருப்பார்கள். ஒரு விருந்துக்காக அம்மாவும் மகளும் கீழே இறங்கி வர வேண்டும், திரும்பிப் போகப் பஸ் பிடிக்க வேண்டும். அம்மாவுக்கு ஒரு நாள் கூலி போகும். மறுபடியும் அதே வாய்ப்புச் செலவு, மறுபடியும் கணக்கில் வராத அதே ஆள்.

இரண்டு பத்தி போட்டு எழுதினேன். இடது பக்கம், நாற்பது அம்மாக்கள் கீழே வந்தால் ஆகும் பஸ் செலவு, போகும் கூலி. வலது பக்கம், நாங்கள் பாத்திர பண்டத்தோடு வெள்ளிமலைக்குப் போய்ச் சாயந்தரம் வேலை முடிந்த பிறகு விருந்தை வைத்தால் ஆகும் வேன் வாடகை. வலது பக்கம் பாதிகூட வரவில்லை. அம்மாக்களின் கூலியையும் சேர்த்ததால்தான் இது தெரிந்தது. சேர்க்காமல் போட்டிருந்தால் மண்டபம்தான் மலிவு என்று வந்திருக்கும். நோட்டைக் கூட்டத்தில் காட்டியதும் பாஸ்டர் ஐயா இரண்டு தரம் கூட்டிப் பார்த்தார். பிறகு சரி, மலைக்கே போகலாம் என்றார்.

இப்போதைக்கு மீதி இருப்பது வேன் பேச்சு மட்டும். கச்சிராயபாளையம் தாண்டினால் வளைவுகள் அதிகம், இருட்டில் இறங்குவது சிரமம் என்று டிரைவர் அண்ணன் கூடக் கேட்கிறார். சாம்பார் அண்டாவை மடியில் வைத்துக்கொண்டு யார் உட்காருவது என்பதும் முடிவாகவில்லை.